ஒரே வீட்டில் இரு கணிப்பொறிகள்: கோப்பையும் அச்சுப்பொறியையும் பொதுவாக்கும் முறை

நம் கிராமங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கணிப்பொறிகள் உள்ள வீடுகள் பல இருப்பதை இன்று காண்கிறோம். ஒன்றில் விண்டோஸ் இயங்கும். மற்றொன்றில் லினக்ஸ் இயங்கும். அச்சுப்பொறியோ பெரும்பாலும் ஒன்றே. அது எந்தப் பொறியுடன் கம்பியால் பிணைக்கப்பட்டுள்ளதோ, அதற்கு மட்டுமே பயன்படுகிறது. மற்றதில் எழுதிய மனுவை அச்சிட வேண்டுமானால் பென்டிரைவைத் தேட வேண்டியிருக்கிறது. சாகுபடிக் கணக்கின் ஒரு பிரதி இதிலும் வேறொரு பிரதி அதிலுமாகத் தங்கிவிடுகின்றன. எது கடைசியாகத் திருத்தப்பட்டது என்பது சில நாள்களில் எவருக்கும் விளங்காமற் போகிறது. கூட்டுறவுச் சங்கத்துக்குத் தர வேண்டிய கணக்கில் பழைய பிரதி போய்ச் சேருமானால் விளையும் தொல்லை சிறிதன்று. இத்தொல்லையை நீக்கும் வழியை இக்கட்டுரையில் ஆராய்வோம். இதற்கெனத் தனியாகப் பொருள் செலவிட வேண்டியதில்லை.

பழைய பொறிக்கும் வேலை உண்டு

லினக்ஸ் என்பது நமக்கு முற்றிலும் புதிய பெயர் அன்று. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த பொறிகள் பலவற்றில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்து வந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏற்றுவதற்கோ, டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். இவை இல்லாத பொறிகளை எடைக்குப் போட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அவற்றுள் பலவற்றில் லினக்ஸை ஏற்றி மேலும் சில ஆண்டுகள் பயன்பெறலாம். ஆனால் அப்பழைய பொறி தனித்து நில்லாமல், வீட்டிலுள்ள புதிய விண்டோஸ் பொறியோடு கூடி உழைத்தல் அவசியம். அப்போதுதான் அதன் முழுப்பயனும் நமக்குக் கிட்டும்.

இரண்டுக்கும் இடையே ஒரு துபாஷி

விண்டோஸ் பொறிகள் தம்முள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள எஸ்எம்பி எனும் நெறியைக் கையாளுகின்றன. இது 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் உருவானது. லினக்ஸ் இம்மொழியைப் பேச உதவும் துபாஷியே சாம்பா எனும் மென்பொருள்.

ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆய்வு மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் 1991ஆம் ஆண்டின் இறுதியில் இதற்கு வித்திட்டார். கம்பியின் வழியே பொறிகள் பரிமாறிக்கொள்ளும் செய்திகளைக் கூர்ந்து நோக்கி, அவற்றின் இலக்கணத்தை அவர் கண்டறிந்தார். பின்னர் உலகெங்குமுள்ள பலர் சேர்ந்து அதனை வளர்த்தனர். இத்தகைய இணைப்புக்கு வேண்டிய விவரங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட வேண்டுமென ஐரோப்பிய ஆணையம் 2004ஆம் ஆண்டில் ஆணையிட்டது. 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின் வாயிலாகச் சாம்பா குழுவினர் அவ்விவரங்களைப் பெற்றனர். அம்மென்பொருளை இன்று எவரும் விலையின்றிப் பெறலாம்.

முதற்படி: ஒரே வலை

இரு பொறிகளும் ஒரே ரவுட்டருடன் வைஃபை மூலமாகவோ கம்பி மூலமாகவோ இணைந்திருத்தல் வேண்டும். சில ரவுட்டர்களில் விருந்தினர்க்கெனத் தனி வலை இருக்கும். ஒரு பொறி அதில் இணைந்திருந்தால் மற்றதைக் காண இயலாது.

வீடுகளுக்குக் கதவிலக்கம் இருப்பதுபோல், ஒவ்வொரு பொறிக்கும் ரவுட்டர் ஓர் எண்முகவரி வழங்கும். அது 192.168.1.10 என்பது போன்று அமையும். இவ்வெண்கள் அவ்வப்போது மாறக்கூடும். ஆகையால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரு பொறிகளுக்கும் நிலையான எண்ணை ஒதுக்கிவிடுதல் நலம். பொறியின் பெயரைச் சொல்லித் தேடும்போது கிடைக்காவிடினும், எண்ணைச் சொல்லித் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

விண்டோஸிலுள்ள கோப்பை லினக்ஸில் பெறுதல்

விண்டோஸ் பொறியில், வீட்டு வலை 'தனிப்பட்டது' என்ற வகையில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, கோப்பு, அச்சுப்பொறிப் பகிர்வை இயக்க வேண்டும். பின்னர் 'பொது' என்ற பெயரில் ஒரு கோப்புறையை உண்டாக்கி, அதன் பண்புகளில் பகிர்வுப் பகுதியைத் திறந்து, எந்தப் பயனருக்கு அனுமதி என்பதையும், படிக்க மட்டுமா, எழுதவுமா என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இங்கே பலர் இடறுகின்றனர். விண்டோஸில் நுழைவதற்கு நாம் நாள்தோறும் தட்டும் நான்கிலக்க எண் அந்தப் பொறிக்கு மட்டுமே உரியது. வலை வழியே வருவோருக்கு அது செல்லாது. ஆகையால் பகிர்வுக்கென்றே ஒரு பயனர் கணக்கை உண்டாக்கி, அதற்கொரு கடவுச்சொல்லை அமைத்துக்கொள்ளுதல் எளிய வழியாகும்.

லினக்ஸில் கோப்பு மேலாளரைத் திறந்து, முகவரிக் கட்டத்தில் எஸ்எம்பி என எழுதி, முக்காற்புள்ளியும் இரு சாய்கோடுகளும் இட்டு, விண்டோஸ் பொறியின் எண்ணை எழுத வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். அவற்றைத் தந்ததும் 'பொது' கோப்புறை கண்முன் தோன்றும்.

லினக்ஸிலுள்ளதை விண்டோஸில் பெறுதல்

லினக்ஸ் பொறியில் சாம்பாவை நிறுவிக்கொள்ள வேண்டும். லினக்ஸ் மின்ட் போன்றவற்றில், கோப்புறையின் மேல் வலப்பொத்தானை அழுத்தினால் பகிர்வுக்கான வாய்ப்புகள் காட்டப்படும். லினக்ஸில் நுழையும் கடவுச்சொல்லைச் சாம்பா தானாக அறியாது என்பதை மறக்கலாகாது. அதற்கென ஒரு கடவுச்சொல்லைத் தனியாகப் பதிவுசெய்தல் வேண்டும். பின்னர் விண்டோஸின் முகவரிக் கட்டத்தில் இரு பின்சாய்கோடுகள் இட்டு, லினக்ஸ் பொறியின் எண்ணை எழுதினால் கோப்புறை திறக்கும்.

பெயரிடுவதிலும் கவனம் தேவை. ஆங்கில எழுத்துகளில் பெரியதையும் சிறியதையும் லினக்ஸ் வெவ்வேறாகக் கொள்ளும். விண்டோஸ் பொதுவாக ஒன்றாகவே கொள்ளும். முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி ஆகியவற்றை விண்டோஸ் கோப்புப் பெயர்களில் ஏற்பதில்லை. தமிழில் தட்டெழுதுவோர் ஒருங்குறியையே கையாளுதல் வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். தமிழ்நாடு அரசும் 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுள்ளது.

அச்சுப்பொறியைப் பொதுவாக்குதல்

அச்சுப்பொறி தானே வைஃபையில் இணையக்கூடியதாயின் வேலை எளிது. இரு பொறிகளும் அதனுடன் நேரே பேசும், பகிர்வு தேவையில்லை. கம்பியால் மட்டும் இணையக்கூடியதாயின், எந்தப் பொறி அதிக நேரம் இயக்கத்தில் இருக்குமோ அதனுடன் இணைக்க வேண்டும். அந்தப் பொறி அணைந்திருக்கும்போது மற்றதிலிருந்து அச்சிட இயலாது.

விண்டோஸுடன் இணைந்திருந்தால், அச்சுப்பொறியின் பண்புகளில் பகிர்வை இயக்கி, இடைவெளியில்லாத சிறிய பெயரொன்றை இட வேண்டும். லினக்ஸில் புதிய அச்சுப்பொறியைச் சேர்க்கும்போது, சாம்பா வழியான விண்டோஸ் அச்சுப்பொறி என்பதைத் தேர்ந்து, முகவரியும் பெயரும் கடவுச்சொல்லும் தந்து, உரிய இயக்கியைக் குறிப்பிட வேண்டும். லினக்ஸுடன் இணைந்திருந்தால், 1999ஆம் ஆண்டில் வெளிவந்த கப்ஸ் எனும் மென்பொருள் அப்பணியை மேற்கொள்கிறது. அதில் பகிர்வை அனுமதித்தபின், விண்டோஸில் லினக்ஸ் பொறியின் எண்ணையும் 631 எனும் வாயில் எண்ணையும் அச்சுப்பொறியின் பெயரையும் தந்து சேர்த்துக்கொள்ளலாம். இறுதியில் சோதனைப் பக்கம் ஒன்றை அச்சிட்டுப் பார்த்துவிடுக.

மடையைத் திறப்போர் காவலையும் கருதுக

பொது வாய்க்காலில் மடை திறப்பவர், எவர் வயலுக்கு எவ்வளவு என்பதை அறிந்தே திறக்கிறார். பகிர்வும் அத்தகையதே. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் வான்னாக்ரை எனும் தீநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவி, கணிப்பொறிகளிலிருந்த கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த வழி, எஸ்எம்பியின் முதற்பதிப்பில் இருந்த ஒரு பிழை. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. ஏற்றுக்கொண்டோர் தப்பினர், ஏற்காதோரில் பலர் இடருற்றனர்.

அதன்பின் விண்டோஸிலும் சாம்பாவிலும் அம்முதற்பதிப்பு இயல்பாக இயங்காதவாறு செய்யப்பட்டது. இரு பொறிகளும் ஒன்றையொன்று காணாதபோது, அதை மீண்டும் இயக்கிவிடுமாறு சிலர் யோசனை கூறுவர். அதனைக் கேட்கலாகாது. அவ்வாறே, 2024ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 11 பதிப்பு முதலாகக் கடவுச்சொல் இல்லாத பகிர்வுகள் பல பொறிகளில் மறுக்கப்படுகின்றன. இதற்கும் பரிகாரம் காவலைத் தளர்த்துவது அன்று, கடவுச்சொல்லை அமைப்பதே. சாவி பொருந்தாவிடில் வேறு சாவி செய்து கொள்வோமேயன்றிக் கதவைக் கழற்றி எறிவதில்லை.

வட்டு முழுவதையும் பொதுவாக்காமல் ஒரே ஒரு கோப்புறையை மட்டும் பொதுவாக்குக. பிறர் படித்தால் போதுமென்ற கோப்புகளுக்கு எழுதும் அனுமதி தராதீர்கள். 445 எனும் வாயிலை ரவுட்டரில் வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள். வங்கிக் கடவுச்சொற்களையும், பிறருடைய ஆதார் நகல்களையும் பொதுக் கோப்புறையில் வைக்காதீர்கள். ஊராட்சி உறுப்பினர்கள் இதில் தனிக் கவனம் கொள்ளுதல் கடமையாகும். மக்கள் நம்பித் தந்த தாள்கள் அவை. பகிர்வு என்பது காப்புப் பிரதி ஆகாது. ஆகவே முக்கியமான கோப்புகளின் பிரதியொன்றை, எப்பொறியுடனும் எப்போதும் இணைந்திராத வேறொரு வட்டில் மாதந்தோறும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விடுமுறை நாளின் முற்பகல் போதும். முதலில் ஒரு கோப்புறையை மட்டும் பகிர்ந்து, இருபுறமிருந்தும் திறந்து பாருங்கள்; அது கைகூடிய பின்னர் அச்சுப்பொறிக்குச் செல்லுங்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நம் பிள்ளைகளை இப்பணியில் உடன் அமர்த்திக்கொள்வோம். கணக்கு ஒன்றே, பிரதி ஒன்றே, அச்சுப்பொறியும் ஒன்றே என்ற ஒழுங்கு வீட்டில் அமையுமானால், பழைய பொறியும் வீணாகாது. நம் கணக்கும் பிசகாது.