பேருந்தில் கேட்ட ஒரு சொல்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை ஏறும் பேருந்து. மூளை முடக்குவாதத்தால் கால் விறைத்த சிறுமி தாய் மடியில். "எந்தப் பிறவியில் செய்த பாவமோ!" என்றார் பெரியவர் ஒருவர்.

நண்பர்களே, நாமாயின் என்ன செய்திருப்போம்? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு, பொதுமக்கள் காணுமிடத்தில் இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதிப்போருக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஆயினும் இரக்கத்தில் உளறியவரிடம் அந்த நோக்கம் ஏது? சட்டம் எட்டாத இடம் அது.

தாய் சினக்கவில்லை. "பாவமெல்லாம் இல்லீங்கய்யா. பொறக்கறப்ப மூச்சு முட்டி மூளை அடிபட்டுப்போச்சு. பேரு கேளுங்க, அவளே சொல்லுவா."

விடை பெரியவருக்கா? மடியிலிருந்த செவிகளுக்கே! வாய்விட்டு ஏசுவோரிடம் இதுவும் வீண். முகந்திருப்பி மகளோடு பேசிக்கொண்டிருப்பதே மேல்.

இவர் கேட்டார். சிறுமி திக்கித் திக்கிப் பெயரைச் சொல்லி முடிக்குமுன் கச்சிராயபாளையம் கடந்திருந்தது.