ஏசி இல்லாத வீடா? கூரையைப் பார்த்து வாடகை பேசுங்கள்

எளாவூர்ப் பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் யோசனை கேட்டால், வாடகை எவ்வளவு, தண்ணீர் உப்பா நல்லதா என்பதற்கெல்லாம் முன்னால் நான் கேட்பது இதைத்தான்: நீங்கள் தூங்குவது இரவிலா, பகலிலா?

கேட்டதும் சிரிப்பார்கள். ஆனால் இந்த ஊரில் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தடாவை ஒட்டிய ஸ்ரீசிட்டியிலும் நைட் ஷிப்ட் பார்க்கிற பையன்கள் காலையில் வந்துதான் படுக்கிறார்கள். பழவேற்காடு ஏரியில் இரவு இறால் வலைக்குப் போகிறவர், விடிந்து சரக்கைக் கரையேற்றி விற்றுவிட்டு வீடு சேர்வதற்குள் வெயில் ஏறியிருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கோ ராத்தூக்கம் வேண்டும். ஏசி இல்லாதபோது இந்த இரு தரப்புக்கும் ஒரே வீடு சரிப்படாது. கூரைதான் காரணம்.

சீட்டு போட்ட வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பெஸ்டாஸோ தகரமோ, வெயில் விழுந்த கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். பதினொரு மணிக்கெல்லாம் உள்ளே இருக்க முடியாது. ஆனால் சீட்டுக்குக் கனம் இல்லை. வாங்கிய சூட்டைச் சேர்த்துவைக்க அதற்கு இடமும் இல்லை. பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும். கான்கிரீட் தளம் இதற்கு நேர் எதிர். நாலைந்து அங்குலத் தளத்தின் மேல்பக்கம் ஏறிய உச்சி வெயில், அடிப்பக்கம் இறங்கிவர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேலே செங்கல் ஜல்லிச் சுருக்கியும் தட்டு ஓடும் பதித்திருந்தால் இன்னும் தாமதமாகும். பகல் ஒரு மணிக்கு அடித்த வெயில் அந்தி நேரத்தில்தான் உங்கள் தலைக்கு மேல் வந்து நிற்கும். நள்ளிரவு வரைக்கும் அங்கிருந்து போகாது. வெளியே காற்று ஜில்லென்று வீசும்போது உள்ளே ஃபேன் அனலாகக் கொட்டுகிறதே, அது இதனால்தான்.

ஆகவே ராத்திரி தூங்குகிற குடும்பம், மேலே வேறு தளம் இல்லாத கான்கிரீட் மாடிப் போர்ஷனை எடுக்கவே கூடாது என்பேன். வாடகை குறைவாக இருந்தாலும் சரி. அதே பணத்துக்குக் கிடைக்கிற சீட்டு வீடு, பார்வைக்கு எளிமையாக இருந்தாலும், பகலில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுகிற வீடாக இருந்தால் இரவில் நிம்மதி தரும். பகலில் தூங்குகிறவருக்குச் சீட்டு வீடு நரகம். அவருக்குக் கான்கிரீட் தளம் காலை முழுவதும் கைகொடுக்கும். பிற்பகல் சூடு இறங்குவதற்குள் எழுந்துவிடலாம். இரண்டு பேருக்கும் நல்லது, மேலே ஒரு மாடி இருக்கிற தரைத்தளம். அங்கே வெயில் வாங்குகிற கூரை உங்களுடையது அல்ல, மாடிக்காரருடையது. ‘மாடியில காத்து வரும் சார்’ என்று கூடுதல் வாடகை கேட்பார்கள். காற்று வரும்தான். கூரையும் கூடவே வருமே.

கீற்றுக் கூரையை எங்கே வைப்பது என்று கேட்கலாம். குளிர்ச்சிக்கு அதை எதுவும் அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் குப்பங்களில் கூரை வீடுகள் குறைந்து கான்கிரீட் வீடுகள் எழுந்தன. புயலுக்கும் தீக்கும் பயந்தவர்கள் அதை விரும்பியதில் தப்பே இல்லை. பாதுகாப்பு வந்தது, சூடும் வந்தது. இப்போது வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சீட்டும் கான்கிரீட்டும்தான் என்பதால் அவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வீடு பார்க்கப் போகிற நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். நல்ல வெயில் அடித்த நாளில், இரவு எட்டு மணிக்குப் போங்கள். ஸ்டூல் போட்டு ஏறி உள்கூரையில் உள்ளங்கையை வையுங்கள். அடுத்து மேற்குச் சுவர். இரண்டும் உடம்புச் சூட்டைவிடக் கூடுதலாகச் சுட்டால் அந்த அறையில் தூக்கம் கிடையாது. விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஃபேனை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள். இரவில் வோல்டேஜ் இறங்குகிற தெருவாக இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். எல்லா விளக்கும் பிரகாசமாக எரிந்தும் ஃபேன் மட்டும் சோம்பிச் சுற்றினால், அநேகமாகக் கண்டன்சர் போயிருக்கும். அது சின்ன செலவு. எலக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிஷ வேலை. அதற்காக ஒரு நல்ல வீட்டை விட்டுவிடாதீர்கள்.

ஸ்டூலில் ஏறியது ஏறியாகிவிட்டது, உள்கூரையில் காரை உப்பி விழுந்திருக்கிறதா, கம்பி தெரிகிறதா என்றும் ஒரு பார்வை. ஏரிக்காற்றில் உப்பு உண்டு. கம்பி துருவேறிய தளத்தின் கீழ் குழந்தையைப் படுக்க வைக்க வேண்டாம், எவ்வளவு குளுகுளுவென்று இருந்தாலும்.

இனி காற்று. சித்திரை, வைகாசியில் காலையில் வீசுவது மேல்காற்று. உள்நாட்டு அனலை அள்ளிக்கொண்டு வருவது. மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் ஏரியைத் தாண்டி வந்து அதைத் தள்ளும். சில நாள் மேல்காற்று விட்டுக்கொடுக்காது; கடற்காற்று வர மாலையாகிவிடும். அன்றைக்குத்தான் பாடு. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவாயிற்று. அதற்கு வடக்கே சற்றுத் தூரத்தில் இருக்கிற நமக்கும் அந்த வெயில் அந்நியமானதல்ல.

இதை வைத்துச் சன்னலைத் திறந்து மூடுங்கள். பெரும்பாலான வீடுகளில் காலையில் எழுந்ததும் எல்லாச் சன்னலையும் திறந்துவைத்து, பிற்பகல் வெயிலுக்குப் பயந்து சாத்துகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். விடியற்காலைக் குளிர்ச்சி உள்ளே வந்ததும், ஒன்பது மணிக்குள் மேற்குச் சன்னல்களைச் சாத்தித் திரை போடுங்கள். கடற்காற்று வந்துவிட்டது தெரிந்ததும் கிழக்கு, தெற்குச் சன்னல்களை விரியத் திறந்து, எதிர்ப்பக்கம் ஒரு கதவையும் திறந்துவிடுங்கள். காற்று நுழைய வழி இருந்தால் போதாது, வெளியேறவும் வழி வேண்டும். ஒரே சன்னல் உள்ள அறை அடைசலாகவே இருக்கும்.

வீட்டில் ஒரு சன்னல்தான் நன்றாக இருக்கிறது என்றால் அது தெற்குச் சன்னலாக இருக்கட்டும். எளாவூர் இருக்கிற அட்சரேகையில் ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் நடுவரை வடக்கே சாய்ந்துதான் போகும். அதாவது கத்திரி வெயில் காலத்தில் தெற்குச் சன்னலில் வெயில் விழாது, காற்று மட்டும் வரும். இந்த வசதி வேறெந்தத் திசைக்கும் இல்லை. வாஸ்து பார்த்து வாசல் தேடுகிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

தேசிய நெடுஞ்சாலையையும் சோதனைச் சாவடியையும் ஒட்டிய போர்ஷன்களில் லாரி இரைச்சலும் தூசும் சன்னலைத் திறக்கவே விடாது. திறக்க முடியாத தெற்குச் சன்னலும் சுவரும் ஒன்றுதான். இரண்டு தெரு உள்ளே தள்ளிப் பாருங்கள். சன்னலில் கொசுவலை அடித்திருந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள். தூசும் உப்பும் படிந்து கண்கள் அடைபட்டிருந்தால் பாதிக் காற்றை அது தின்றுவிடும். மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுகிற மாதிரி அமைந்த வலை நல்லது.

மேற்குச் சுவர் தப்பாத வீடாக அமைந்துவிட்டால், நிழலைச் சுவருக்கு வெளியே போடுங்கள். உள்ளே திரை போடுவதெல்லாம் சூடு நுழைந்த பிறகு செய்கிற சமாதானம். ஏரிக்கரைப் பக்கம், சுண்ணாம்புக்குளம் போகிற வழியிலெல்லாம், பழைய வலைக்குப் பஞ்சமே இல்லை. கிழிந்த நைலான் வலையைக் கூரை விளிம்பிலிருந்து தரைவரை சாய்வாக இழுத்துக் கட்டி, சுவருக்கும் வலைக்கும் ஒரு முழம் இடைவெளி விட்டு, அடியில் பீர்க்கையோ அவரையோ ஏற்றிவிடலாம். நல்ல தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீரில் கொடி கருகும். கொடிக்குத் தண்ணீர் இல்லையென்றால் தென்னங்கீற்றுத் தட்டியை வலையில் சொருகினாலும் சரி. ஐப்பசி பிறந்ததும் அவிழ்த்துவிடுங்கள், புயல் காற்றில் அதுவே ஆபத்தாகும்.

மொட்டைமாடிக்கு வெள்ளை அடிப்பதைப் போலச் செலவு குறைந்து பலன் கூடிய காரியம் வேறில்லை. 2013-ல் வெப்பத்தை எதிர்கொள்ளத் தனித் திட்டம் வகுத்த அகமதாபாத் நகரம், பிறகு குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் வேலையை அதோடு சேர்த்துக்கொண்டது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. நமக்கு விலையுயர்ந்த பெயிண்ட் கூட வேண்டாம். கிளிஞ்சல் சுண்ணாம்பு போதும். முதல் நாள் டிரம்மில் ஊறவைத்து, மறுநாள் துணியில் வடிகட்டி, வஜ்ரம் கலந்து, தளத்தைப் பெருக்கி நல்ல தண்ணீரில் நனைத்துவிட்டு நீர்க்க ஒரு பூச்சு. காய்ந்த பிறகு குறுக்குவாட்டில் இன்னொரு பூச்சு. மாசி, பங்குனியில் அடித்தால் கோடை முழுக்க நிற்கும். மழைக்காலத்தில் கரையும், அடுத்த வருஷம் திரும்ப அடிக்க வேண்டியதுதான். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கும். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுக்கும் அடிக்கலாம், ஆனால் காய்ந்த சீட்டைச் சுரண்டக் கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்கு விஷம். சீட்டின் மேல் நேராகக் கால் வைக்கவும் கூடாது. பலகை போட்டு அதன் மேல்தான் நிற்க வேண்டும்.

சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் நல்லதுதான். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மட்டும் வேண்டவே வேண்டாம். உப்பு தளத்துக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கும். வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டால் பதில் சொல்ல முடியாது.

வீட்டுக்காரரிடம் பேச வேண்டியதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். கொடுத்த பிறகு உங்கள் சொல் எடுபடாது. ‘அக்கா, மாடிக்கு வெள்ளை அடிச்சுக் குடுத்துடுங்க. சுண்ணாம்பு உங்களோடது, ஆள்கூலி நான் பாத்துக்கிறேன்’ என்றால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள். அவர்கள் தளத்துக்கும் அது நல்லதுதானே. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் வீட்டு ஒயரிங்கும் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. மொட்டைமாடி அதில் தனியாகச் சொல்லப்படவில்லை. அதனால் கேட்டு, எழுதி வாங்குங்கள். மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கும், ராத்திரி அங்கே படுக்கலாமா என்பதையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள். மே மாதத்தில் அந்தச் சாவி ஒரு அறைக்குச் சமம்.

மீட்டர் தனியா என்று கேட்க மறக்காதீர்கள். இதற்கு ஒரு கணக்கு உண்டு. பழைய மாதிரி ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட்; இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். இரண்டு ஃபேன் என்றால் 180. பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட்தான். இரண்டு ஃபேனும் அதே அளவு ஓடினாலும் 72 யூனிட்டில் முடிந்துவிடும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் ஃபேன் செலவு கிட்டத்தட்ட இல்லை என்றே ஆகிவிடும். ஆனால் ஒரே மீட்டரில் நாலு குடித்தனத்தை வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற வீட்டில் அந்த இலவசம் உங்கள் கைக்கு வராது. இருநூறு ரூபாய் வாடகை கூடினாலும் தனி மீட்டர் வீடே லாபம். பிஎல்டிசி ஃபேனை நீங்களே வாங்கி மாட்டுங்கள், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். பழைய ஃபேனை மறக்காமல் திரும்ப மாட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஏர் கூலர் வாங்கலாமா என்று வருஷா வருஷம் கேட்கிறார்கள். வேலூரிலோ கரூரிலோ இருந்தால் வாங்கச் சொல்வேன். தண்ணீர் ஆவியாகும்போதுதான் கூலர் குளிர்விக்கும். ஏரிக்கரைக் காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் தண்ணீர் ஆவியாகாது. அறை புழுங்கும், பாய் நமத்துப்போகும். மேல்காற்று வறண்டு அடிக்கிற சில காலைகளில் மட்டும் அது வேலை செய்யும். அதற்காக அவ்வளவு பணமா? இந்த ஈரம்தான் நம் வெயிலை வேறுவிதமாக்குகிறது. சமவெளியில் 40 டிகிரி தொட்ட பிறகே வெப்ப அலையைப் பற்றி யோசிக்கிற வானிலைத் துறை, கடலோரத்துக்கு 37 டிகிரியும் இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலும் இருந்தாலே போதும் என்கிறது. வியர்வை காயாத ஊரில் 37 டிகிரியும் உடம்புக்குப் பெரிய சுமை.

ஃபேனுக்கும் எல்லை உண்டு. அறைக்குள் 40 டிகிரிக்கு மேல் போய்விட்டால் ஃபேனை நம்ப வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை; அந்தச் சூட்டில் அது அனலை உடம்பின் மேல் வீசத்தான் செய்யும். சீட்டு வீட்டில் பிற்பகலில் இது நடக்கக்கூடியதே. சுவரில் மாட்டுகிற சாதாரண வெப்பமானி ஒன்று வாங்கிப் படுக்கை உயரத்தில் மாட்டிவையுங்கள். 40-ஐ நெருங்கினால் வயதானவர்களையும் கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் வீட்டைவிட்டுக் கிளப்பி, மரத்தடிக்கோ கீழ்வீட்டுக்கோ அழைத்துப் போங்கள். நீராகாரமும் மோரும் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். சூட்டில் இருந்த ஒருவர் பேச்சுக் குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் பேசினாலோ, மயங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.