மேகத்தில் வைத்த கணக்கேடு: சாவி யார் கையில்?

வங்கியில் பாதுகாப்புப் பெட்டகம் வைத்திருப்போர் அனைவரும் அறிந்த நடைமுறை ஒன்று உண்டு. பெட்டகத்தைத் திறக்க வங்கி அலுவலரின் சாவியும் வாடிக்கையாளரின் சாவியும் ஒருங்கே வேண்டும். உள்ளே செல்லுமுன் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும், நேரமும் குறிக்கப்படும். வந்தவர் இன்னார் என உறுதிசெய்தல், ஒரே சாவியை நம்பியிராமை, யார் எப்போது வந்தார் என்பதைப் பதிவுசெய்தல் ஆகிய மூன்று கொள்கைகள் இதில் அடங்கியுள்ளன.

இன்று சிறு தொழில் நிறுவனங்களின் கணக்கேடு, ஊதியப் பட்டியல், கடிதப் போக்குவரத்து ஆகியவை அலுவலக அலமாரியில் இருப்பதில்லை. அவை வேறொரு நிறுவனத்தின் கணினிகளில், இணையத்தின் வழியே எங்கிருந்தும் திறக்கத்தக்க வகையில் வைக்கப்பட்டுள்ளன. இதனையே மேகக் கணிமை என்கிறோம். இதன் வசதியும் சிக்கனமும் ஐயத்திற்கு இடமற்றவை. ஆயினும் கடையின் பூட்டும் காவலாளியும் அங்கே பயன்படுவதில்லை. பயனர் பெயரும் கடவுச்சொல்லுமே கதவாக நிற்கின்றன. ஆகவே, பெட்டக அறையின் மூன்று கொள்கைகளையும் அங்கும் கடைப்பிடிப்பது இன்றியமையாததாகிறது.

2024 தந்த பாடம்

பெருநிறுவனங்கள் தங்கள் தரவுகளைச் சேமித்து ஆராய்வதற்குப் பயன்படுத்தும் மேகச் சேவைகளுள் ஒன்று ஸ்னோஃபிளேக். 2024 ஆம் ஆண்டில் அதன் வாடிக்கையாளர் நிறுவனங்கள் பலவற்றின் தரவுகள் களவு போயின. பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் எனக் கருதி ஏறத்தாழ 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டதாக, இதனை ஆராய்ந்த மாண்டியன்ட் நிறுவனம் அவ்வாண்டு ஜூன் மாதம் தெரிவித்தது.

ஸ்னோஃபிளேக்கின் சொந்த அமைப்பை உடைத்து எவரும் புகுந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. வேறு கணினிகளில் புகுந்த தீநிரல்கள் முன்னரே திருடி வைத்திருந்த கடவுச்சொற்களைக் கொண்டே திருடர்கள் நுழைந்தனர். அவற்றுள் சில 2020 ஆம் ஆண்டிலேயே களவு போனவை. ஒப்பந்தப் பணியாளர் சிலர், விளையாட்டுக்கும் திருட்டு மென்பொருள்களைப் பதிவிறக்கவும் பயன்படுத்திய கணினியிலேயே அலுவல் பணியும் செய்துவந்தனர். பறிபோன கடவுச்சொற்கள் ஆண்டுகள் கடந்தும் மாற்றப்படவில்லை. அக்கணக்குகளில் இரண்டாம் சரிபார்ப்பும் இல்லை.

நம் அலுவலகத்தில் நேரக்கூடியது

இதே குறைபாடு சிறு நிறுவனத்தில் எவ்வாறு வெளிப்படும் என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டின் வழியே காண்போம். ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் நால்வர் ஒரே மின்னஞ்சல் கணக்கைப் பயன்படுத்துகின்றனர். கணக்காளர் வேலையை விட்டுச் செல்கிறார். கடவுச்சொல் மாற்றப்படவில்லை. அந்த நால்வருள் ஒருவர் அதே கடவுச்சொல்லை வேறொரு தளத்திலும் பயன்படுத்தியிருந்தார். அத்தளத்திலிருந்து அது கசிந்துவிட்டது.

சில மாதங்களுக்குப் பின் யாரோ ஒருவர் அக்கணக்கினுள் நுழைந்து, எதையும் கலைக்காமல் கடிதங்களைப் படித்து வருகிறார். வெளிநாட்டு வாடிக்கையாளர் பணம் அனுப்பும் வேளையில், "எங்கள் வங்கிக் கணக்கு மாறியுள்ளது" என்றொரு கடிதம் அதே முகவரியிலிருந்து செல்கிறது. உண்மையான முகவரியாதலால் ஐயம் எழவில்லை. சரக்கு கப்பலேறிவிட்டது, பணம் வரவில்லை, ஊதிய நாளும் கடன் தவணையும் நெருங்குகின்றன.

முதலில் ஐயத்துக்குள்ளாகிறவர் விலகிச் சென்ற கணக்காளர். நால்வரும் ஒரே பெயரில் நுழைந்து வந்ததால், தாம் குற்றமற்றவர் என்பதை மெய்ப்பிக்க அவருக்கு வழியில்லை. தனிக் கணக்கு என்பது நிறுவனத்தை மட்டுமன்றி ஊழியரின் நற்பெயரையும் காக்கிறது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஒருவருக்கு ஒரு கணக்கு. செலவைக் குறைப்பதற்காகக் கணக்கைப் பகிர்ந்துகொள்ள வேண்டாம். ஒரு தளத்தின் கடவுச்சொல்லை மற்றொன்றில் பயன்படுத்தவும் வேண்டாம். அடிக்கடி மாற்றப்படும் சிறிய சொல்லைவிட நீளமான சொற்றொடர் மேலானது. காலமுறைப்படி மாற்றுமாறு கட்டாயப்படுத்த வேண்டாம் என்றும், கசிந்ததாகத் தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும் என்றும் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017 ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியது.

2. இரண்டாம் சாவி. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல், எதுவும் இல்லாததைவிட நன்று. எனினும் மோசடியாக மாற்று சிம் பெறுவோர் அதைக் கைப்பற்றலாம். பொதுவாக 30 வினாடிகளுக்கு ஒருமுறை எண்ணை மாற்றும் சரிபார்ப்புச் செயலி அதனினும் மேலானது. ஆனால் இவ்விரு வகை எண்களையும் போலித் தளத்தில் நாமே தட்டச்சு செய்துவிடும் இடர் உண்டு. பாஸ்கீ முறையில் இரகசியச் சாவி உண்மையான தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், போலித் தளத்தில் அது செயல்படாது. நிர்வாகிக்கும் கணக்குப் பிரிவுக்கும் முதலில் இதனை ஏற்படுத்துவது நலம். நீங்கள் கோராமலே ஒப்புதல் கேட்டு அறிவிப்பு வந்தால் மறுத்துவிடுங்கள். 2022 ஆம் ஆண்டு ஊபர் நிறுவனத்தின் ஒப்பந்தப் பணியாளர் ஒருவர், மீண்டும் மீண்டும் வந்த இத்தகைய கோரிக்கைகளுள் ஒன்றை ஏற்றதால் ஊடுருவல் நிகழ்ந்தது.

3. பணிக்கேற்ற உரிமை. விற்பனைப் பிரிவினர் ஊதியப் பட்டியலைத் திறக்க வேண்டியதில்லை. நிர்வாகிக் கணக்கை அன்றாடக் கடிதங்களுக்குப் பயன்படுத்தாமல் தனியே வைத்திருங்கள். ஒருவர் இயலாநிலை அடைந்தாலும் தொழில் நிற்காதிருக்க, நிர்வாகிகள் இருவர் இருக்கட்டும்.

4. விடைபெறும் நாளிலேயே நீக்கம். விலகுபவரின் கணக்கை அன்றே முடக்கி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். மீட்புக்கான கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அவருடையவையாக இருந்தால் மாற்றுங்கள். பல சேவைகளில், பிற செயலிகளுக்கு முன்பு அளித்த அனுமதி கடவுச்சொல்லை மாற்றிய பின்னும் தொடரும். அதனைத் தனியே விலக்க வேண்டும்.

5. பதிவேட்டைப் பார்த்தல். மாதம் ஒருமுறையேனும் யார், எங்கிருந்து, எப்போது நுழைந்தார் என்பதைப் பாருங்கள். கடிதங்களைத் தானாகவே வேறு முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு உள்ளதா எனவும் சோதியுங்கள். வங்கிக் கணக்கு மாற்றம் குறித்து எவர் எழுதினாலும், முன்பே அறிந்த எண்ணில் அழைத்து உறுதிசெய்த பிறகே பணம் அனுப்புங்கள். இதனை உங்கள் வாடிக்கையாளர்களுக்கும் முன்னதாகவே அறிவித்து வையுங்கள்.

தவறு நேர்ந்துவிட்டால்

பணம் சென்றிருந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். தாமதிக்குந்தோறும் பணம் கைமாறி மறையும். பின்னர் எல்லா அமர்வுகளையும் முடித்துக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். ஐயத்துக்குரிய கடிதங்களை அழிக்க வேண்டாம்; அவையே சான்று. குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் நிறுவனங்களுக்குப் பணித்துள்ளது.

பயிற்சி

ஒரு தாளை எடுத்து, உங்கள் நிறுவனம் பயன்படுத்தும் இணையச் சேவைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று விடைகளைக் குறியுங்கள்: நிர்வாகி யார்? ஒருமுறைக் கடவுச்சொல் யாருடைய கைபேசிக்கு வருகிறது? கடைசியாக வேலையை விட்டவரின் பெயர் இன்னும் உள்ளதா? விடை தெரியாத இடத்திலிருந்து உங்கள் பணியைத் தொடங்குங்கள்.