குதிரைக்குட்டி வாங்கும் முன்

அடையாறில் நாங்கள் காய்கறியும் அரிசியும் இறக்கும் இடத்துக்கு மயிலாப்பூர் நண்பர் ஒருவர் வாராவாரம் வருவார். அச்சிறுபாக்கம் பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கியிருக்கிறார். "அண்ணே, ஆடியில அந்தியூர் சந்தைக்குப் போறேன். ஒரு குதிரைக்குட்டி பிடிச்சிட்டு வந்தா எருவுக்கும் ஆச்சு, வண்டிக்கும் ஆச்சு. என்ன பார்த்து வாங்கணும்?" என்று கேட்டார்.

"முதல்ல உங்க தோட்டத்தைப் பாருங்க" என்றேன். நான் பட்டதைத்தான் சொன்னேன்.

ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் நானும் ஒன்பது மாதப் பெண்குட்டி ஒன்றைப் பிடித்தேன். பல், சுழி, நடை எல்லாம் பார்த்தாச்சு. குட்டியில் குறையில்லை, குறை என் தோட்டத்தில் இருந்தது. மாட்டுக்குப் போடும் கோ-4 புல்லையும் தவிட்டையும் அதற்கும் போட்டோம். எட்டு மாதத்தில் நடை நொண்டியது, முகத்து எலும்பு இருபக்கமும் உப்பியது.

கால்நடை மருத்துவர் காரணம் சொன்னார். அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. தவிட்டில் உள்ள அதிகப்படி பாஸ்பரஸும் சேர்ந்ததும், உடம்பு எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்க ஆரம்பித்துவிட்டது. தீவனத்தை மாற்றியதும் நொண்டல் போச்சு. முகம் மட்டும் பழையபடி ஆகவில்லை.

தோட்டத்தில் பார்க்க வேண்டியது

பூச்சியை இழுக்க நாம் வரப்பில் வைக்கும் ஆமணக்கின் விதை குதிரைக்குக் கொடிய விஷம். வேலியோர அரளியும் அப்படியே. கொஞ்சம் இலையே உயிரை எடுத்துவிடும். ரெண்டையும் குட்டிக்கு எட்டாமல் அகற்றுங்கள்.

கடை மாட்டுத்தீவனம் வேண்டாம். சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாடு தாங்கும், குதிரை செத்துப்போகும். அருகம்புல், குதிரைமசால், ஊறவைத்த கொள்ளு கொஞ்சம் என்று கொடுங்கள். பூஞ்சணம் பிடித்த எதையும் போடாதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி வந்தால் ஆபத்து.

குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. துணையில்லாமல் ஒற்றையாகக் கட்டினால் ஏங்கிப்போகும்.

எருவைப் பற்றியும் ஒன்று. லத்தி நன்றாகச் சூடேறி மக்கும். ஆனால் களை விதைகள் செரிக்காமல் வரும். மக்க வைக்காமல் வயலில் போட்டால் களை எடுத்தே சலித்துப்போவீர்கள்.

குட்டியிடம் பார்க்க வேண்டியது

ஆறு மாதம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்காதீர்கள்.

பால்பல் விழுந்து முன்பல் நடு ஜோடி முளைப்பது ஏறக்குறைய 2½ வயதில். அடுத்த ஜோடி 3½, ஓரத்து ஜோடி 4½. எல்லாம் பால்பல்லாக இருக்கும் குட்டியை "மூணு வயசு" என்றால் நம்பாதீர்கள்.

கெட்டித் தரையில் நடக்கவிட்டு முன்னால், பின்னால், பக்கவாட்டில் நின்று பாருங்கள். மூட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். சூடோ வீக்கமோ இருந்தால் விட்டுவிடுங்கள். நான்கு குளம்பையும் தூக்கிப் பாருங்கள்.

மூக்கில் கெட்டியான சளி, தாடைக்குக் கீழே கட்டி, தோலில் புண் இருந்தால் தொடவே வேண்டாம். கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்டு வாங்குங்கள். நாம் இயற்கை விவசாயம் செய்கிறோம் என்பதற்காக ரணஜன்னித் தடுப்பூசியைத் தவிர்க்காதீர்கள்.

பெசன்ட் நகர் கடற்கரையில் பிள்ளைகளைச் சுமக்கும் குதிரைகளைப் பார்த்துவிட்டு, வாங்கியதும் வேலை வாங்கலாம் என்று நினைக்கிறோம். முதுகெலும்பு முழுதாக முற்ற ஐந்து வயதுக்கு மேலாகும். மூன்று வயதுக்கு முன் வண்டியும் வேண்டாம், சவாரியும் வேண்டாம். அதன்பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

கடைசியாக நண்பரிடம் கேட்டேன்: "நீங்க போறது சனி, ஞாயிறு. இது இருபத்தஞ்சு வருஷம் இருக்கிற உயிர். மத்த அஞ்சு நாள் யாரு பார்ப்பாங்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ இந்த ஆடிக்கு வேண்டாம்ணே. முதல்ல வரப்புல இருக்கிற ஆமணக்கை எடுக்கிறேன். மழை முடிஞ்சதும் மசால் விதைக்கிறேன். தோட்டத்துல தங்குற ஆளும் அமையட்டும்" என்றார்.