உதட்டுக் கொப்புளமும் கைவைத்தியமும்



சில வருஷங்களுக்கு முன் நமக்கு நாலு நாள் காய்ச்சல் அடித்து விட்டது. விட்ட மறுநாள் உதட்டோரத்தில் சிறு சிறு கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பின. காய்ச்சல் சூடு வெளியே போகிறது என்று எண்ணி, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் ஒரு பொட்டு எடுத்து வைத்துக்கொண்டோம். அந்த வாரமே கிள்ளானில் தங்கை வீட்டில் குழந்தைக்குப் பெயர் சூட்டும் ஏழாம் நாள். பேரீச்சம்பழத்துடன் போய், பிள்ளையைக் கையில் வாங்கி முத்தமிடக் குனிந்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்ணொருத்தி, ஆஸ்பத்திரியில் தாதியாக இருப்பவள், குறுக்கே கையை நீட்டி, "மாமா, கோபிக்காதீர்கள். உங்கள் உதட்டுப் புண் முழுதும் ஆறட்டும். அதுவரை பிள்ளையை முத்த வேண்டாம்" என்றாள்.

சபையில் நமக்குத் தலைகுனிவாக இருந்தது. சாப்பாட்டில் மனம் செல்லவில்லை. மறுநாள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டாக்டரிடம் போய் விசாரித்த பிறகே, அந்தப் பெண் நம்மை அவமதிக்கவில்லை, பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றினாள் என்பது விளங்கிற்று. அன்று அறிந்ததையும் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் நம்மவர்களுக்குச் சொல்லுவது கடமை என்று கருதி எழுதுகிறோம்.

இது என்ன வியாதி?

இந்தக் கொப்புளத்துக்குக் காரணம் உடம்புச் சூடு அல்ல. ஹெர்ப்பிஸ் ஸிம்ப்ளெக்ஸ் என்னும் வைரஸ் கிருமி. அநேகமாகச் சிறு வயதிலேயே, முத்தத்தாலோ எச்சிலாலோ ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு 64 பேர், இதன் முதல் வகையைச் சுமந்திருக்கிறார்கள். ஆகவே இது வந்தவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவரை ஒதுக்குவதும் தகாது.

ஒரு தடவை உள்ளே புகுந்த கிருமி வெளியேறுவதில்லை. முகத்து நரம்பின் வேரில் போய் உறங்குகிறது. காய்ச்சல், கடும் வெயில், உறக்கக் குறைவு, மன வேதனை, உதட்டில் அடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தால் விழித்துக்கொண்டு அதே இடத்துக்கு வருகிறது. காய்ச்சலோடு இது வருவதைப் பார்த்தே நம் முன்னோர் சூடு என்றார்கள். அவர்கள் கண்டது சரி, காரணம் வேறு.

முதலில் ஊறலும் எரிச்சலும், பிறகு நீர்க்கொப்புளம், பிறகு உடைந்து புண், பிறகு பொருக்கு என்று இது நடக்கும். பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானே ஆறிவிடும். ஊறல் தொடங்கியதிலிருந்து தோல் முழுதும் ஆறும்வரை தொற்றும். உடைந்து நீர் வடியும் நாட்களில் மிக அதிகமாகத் தொற்றும்.

வாய்க்குள் கன்னத்திலும் நாக்கிலும் வரும் வெள்ளைப் புண் வேறு. மணத்தக்காளிக் கீரை சாப்பிடச் சொல்லுவார்களே, அந்த வாய்ப்புண் பிறருக்குத் தொற்றாது. கடைவாய் ஓரம் வெடிப்பதும் வேறு. இம்மூன்றையும் ஒன்றென்று நினைத்து ஒரே மருந்தைத் தடவுவது நம்மிடையே உள்ள பெரிய பிழை.

கைவைத்தியத்துக்குப் பேர் வந்த விதம்

சுண்ணாம்பு வைத்தால் ஆறும் என்கிறார் ஒருவர். பற்பசை என்கிறார் மற்றொருவர். ஊரிலே குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் 'அக்கி எழுதி' வருவதும் உண்டு. (மருத்துவர்கள் அக்கி என்பது பெரும்பாலும் சின்னம்மைக் கிருமியால் வருவது, இதற்கு உறவு முறை, ஆனால் இதுவல்ல.) ஒவ்வொருவரும் "எனக்குக் கேட்டது" என்று ஆணையிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. பத்தாம் நாள் தானாகவே வந்து சேரவேண்டிய பாக்கிக்கு ஒன்பதாம் நாள் ஆள் அனுப்பிவிட்டு, "நான் அனுப்பினதால்தான் வந்தது" என்று சொல்லும் கடைக்காரரைப் போன்றவர் அவர். தானே ஆறும் வியாதிக்கு எந்த மருந்தும் நல்ல பேர் வாங்கிவிடும்.

ஆகையால் கைவைத்தியத்தை, ஆற்றுமா என்று பார்ப்பதைவிட, தீங்கு செய்யுமா என்று பார்த்தே நிறுக்க வேண்டும்.

தீங்கில்லாதவை: பனிக்கட்டியைச் சுத்தமான துணியில் சுற்றிச் சில நிமிஷம் ஒற்றினால் வலியும் வீக்கமும் தணியும். வாஸலின் தடவினால் பொருக்கு வெடிக்காது. இளநீரும் பார்லித் தண்ணீரும் கிருமியைக் கொல்லா. எனினும் காய்ச்சல்காரருக்கு நீர் வேண்டுமாதலால் குடிக்கலாம். புளிப்பும் உறைப்பும் உப்பும் புண்ணில் பட்டால் எரியும். அந்த வாரம் குறைத்துக்கொள்வது நலம்.

தேனைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். தேனில் நிவாரணம் உண்டென்பது ஸூரத்துந் நஹ்லிலிருந்து நாம் அறிந்ததே. நியூஸிலாந்தில் 952 பேரிடம் செய்து 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மருந்துக்கென்று பக்குவப்படுத்திய கானுகா தேனையும் அஸைக்ளோவிர் களிம்பையும் ஒப்பிட்டார்கள். தோல் பழைய நிலைக்கு வர, நடுத்தரக் கணக்கில், களிம்புக்கு 8 நாள், தேனுக்கு 9 நாள். பெரிய பேதமில்லை. ஆனால் சர்க்கரைப் பாகு கலந்த புட்டித் தேனுக்கு இந்தச் சாட்சி செல்லாது.

தீங்கானவை: சுண்ணாம்பு, பற்பசை, எலுமிச்சைச் சாறு, கற்பூரத் தைலம் ஆகியவை மெல்லிய தோலை எரித்துப் புண்ணைப் பெரிதாக்கும். ஊசியால் குத்தி நீர் எடுப்பது கிருமியைப் பரப்பும். இவற்றிலெல்லாம் மோசமானது, எல்லா அரிப்புக்கும் பூசுகிறார்களே, அந்த ஸ்டீராய்டு களிம்பு. அது சிவப்பை மறைத்துக் கிருமியை வளர்க்கும்.

சரியான சிகிச்சை

அஸைக்ளோவிர் என்ற மருந்து, 1988-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான ஜெர்ட்ரூட் எலியன் அம்மையாரும் உடன் உழைத்தவர்களும் உருவாக்கியது. ஊறல் கண்ட உடனே அந்தக் களிம்பைத் தினம் 5 வேளை, 5 நாள் பூசவேண்டும். கொப்புளம் முற்றியபின் பூசினால் பலன் சொற்பம். உரிய காலத்தில் பூசினாலும் ஏறக்குறைய ஒரு நாள்தான் மிச்சமாகும். கிருமியை வேரோடு அழிக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது.

10 நாளில் ஆறத் தொடங்காவிட்டாலும், புண் கண்ணருகே வந்தாலும், அடிக்கடி திரும்பினாலும், கர்ப்பிணிக்கோ, புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளவருக்கோ, எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கோ வந்தாலும் தாமதியாமல் டாக்டரிடம் போகவேண்டும். இதற்கு விழுங்கும் மாத்திரைகளும் உண்டு. அவற்றை அவரே எழுதித் தரவேண்டும். வெயிலில் சரக்கு இறக்குபவர்கள் தொப்பியும், வெயில் தடுக்கும் உதட்டுப் பூச்சும் உபயோகிப்பது நல்ல காப்பு.

பச்சிளங் குழந்தை

நிற்க. மேற்சொன்னதெல்லாம் பெரியவர்களுக்குப் பத்து நாள் தொல்லை. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கோ இது உயிர் விஷயம். அதன் உடம்பு இந்தக் கிருமியை எதிர்க்கப் பழகவில்லை. கிருமி ஈரலையும் மூளையையும் தாக்கிக் குழந்தை இறந்துபோகக்கூடும். பிழைத்தாலும் ஊனம் தங்கலாம். பால் குடிக்க மறுப்பது, அசாதாரணமாகச் சோர்ந்து கிடப்பது, காய்ச்சல், தோலில் கொப்புளம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லவேண்டும். காலை வரை பார்ப்போம் என்பது கூடாது.

நம் வீடுகளில் குழந்தை பிறந்தால் பெரியவர்கள் வரிசையாக முத்தமிடுகிறோம். பழத்தை மென்று அண்ணத்தில் தடவும் தஹ்னீக்கும் செய்கிறோம். சுன்னத்தை விடும்படி யாரும் சொல்லவில்லை. உதட்டில் புண் உள்ளவர் அதைச் செய்யாமல் மற்றவருக்கு இடம் விடவேண்டும். புண் தெரியாதபோதும் எச்சிலில் கிருமி இருக்கக்கூடுமாதலால், மெல்லுவதற்குப் பதில் சோப்பிட்டுக் கழுவிய விரலால் பழத்தை நன்றாகக் குழைத்துச் சிறிதளவு தடவலாமா என்று உங்கள் ஆலிம்களிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் மட்டும் கொடுக்கவே கூடாது. அதிலிருக்கக்கூடிய வேறொரு கிருமி குழந்தையின் தசைகளை முடக்கும்.

தாய்க்கு உதட்டில் கொப்புளம் இருந்தால் பாலை நிறுத்த வேண்டாம். கையைக் கழுவி, வாயை மூடிக்கொண்டு, முத்தமிடாமல் கொடுக்கட்டும். மார்பிலேயே புண் இருந்தால் அந்தப் பக்கம் கொடுக்கலாகாது, டாக்டரைக் கேட்கவேண்டும்.

கடைக்காரர் கடமை

சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், தேநீர் ஆற்றும் பையனுக்குக் கொப்புளம் கண்டால் வேலையை விட்டு நீக்கவேண்டியதில்லை. புண்ணைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும், தனிக் கோப்பையும் தனித் துவாலையும் வைத்துக்கொள்வதும் போதும். ஒளுச் செய்து முகம் துடைக்கும் துணியையும் பிறருக்குத் தரலாகாது. புண்ணைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் பார்வைக்கே கேடு வரலாம்.

மருந்துச் சரக்கு விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாமும் ஒரு காலத்தில், கேட்டவருக்கெல்லாம் பேர் தெரியாத களிம்பை எடுத்துக் கொடுத்தவர்தாம். அதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது. மலேசியாவில் மருந்து என்று விற்கும் பொருளுக்கு, 'மால்' என்னும் மூன்றெழுத்தில் தொடங்கும் பதிவு எண் உண்டு. பாரம்பரிய மருந்தானால் இலக்கங்களை அடுத்து வரும் எழுத்து 'டி'. எண்ணில்லாத டப்பியை, ஊரிலிருந்து வந்த உத்தம மருந்து என்று யார் கொண்டுவந்தாலும், அலமாரியில் ஏற்றாதீர்கள். அளவையில் நேர்மை நம்மீது கடமையானால், மருந்தில் நேர்மை அதனினும் பெரிய கடமையல்லவா?

அன்று நம்மைத் தடுத்த அந்தப் பெண்ணுக்கு, அடுத்த வெள்ளிக்கிழமை கிள்ளானுக்கே போய் நன்றி சொன்னோம். புண் ஆறிப் பல நாள் கழித்துத்தான் பிள்ளையைத் தூக்கினோம். அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், அல்ஹம்துலில்லாஹ். உங்களை யாராவது அப்படித் தடுத்தால் கோபிக்காதீர்கள். தடுக்க ஆளில்லாத இடத்தில் நீங்களே விலகி நில்லுங்கள்.

வஸ்ஸலாம்.