கூட்டுத் தொழிலும் உடன்படிக்கைப் பத்திரமும்

கிராமத்தில் எண்ணெய்ச் செக்கு வைக்க எண்ணுவோர் செக்கின் விலை, மோட்டாரின் குதிரைசக்தி, மின்சார இணைப்பு முதலியவற்றைப் பல இடங்களில் விசாரித்து அறிகின்றனர். தொழில் யார் பெயரில் நடக்கும், கடன் ஏற்பட்டால் யார் கட்டுவது, ஒருவர் விலகினால் செக்கு யாரைச் சேரும் என்று கேட்போர் மிகச் சிலரே. உறவினரிடையே இவற்றைப் பேசுவது மரியாதைக் குறைவு என்று கருதப்படுகிறது. மனத்தாங்கல் உண்டான பின்னர் பேசுவதைக் காட்டிலும், ஒற்றுமையாயிருக்கும்போது பேசுவது எவ்வளவோ எளிது.

நிலக்கடலை விளையும் ஊர் ஒன்றில் மூவர் சேர்ந்து ஒரு மரச்செக்கு வைப்பதாகக் கொள்க. ஒருவர் தம் தோட்டத்துக் கொட்டகையைத் தருகிறார். இரண்டாமவர் பணம் போடுகிறார். மூன்றாமவரிடம் இடமும் இல்லை, பணமும் இல்லை. செக்கோட்டும் பழக்கம் மட்டும் உண்டு. லாபத்தைப் பிரித்துக்கொள்வதென்று வாய்ச்சொல்லாகப் பேசித் தொழிலைத் தொடங்கிவிடுகின்றனர். பத்திரம் எழுதப்படாவிடினும், இவர்கள் 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி கூட்டாளிகள் ஆகிவிடுகின்றனர். உடன்படிக்கை இல்லாத விஷயங்களில் அச்சட்டம் சொல்வதே இவர்களைக் கட்டுப்படுத்தும்.

அது சொல்வது பலருக்கு வியப்பளிக்கும். யார் எவ்வளவு முதல் போட்டிருப்பினும் லாபமும் நஷ்டமும் சமபங்கு. தொழிலில் உழைப்பதற்காக எந்தக் கூட்டாளியும் சம்பளம் கேட்க இயலாது. விடியற்காலை முதல் செக்கருகே நிற்பவருக்கும், மாதம் ஒரு முறை வந்து பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பவருக்கும் ஒரே பங்குதான். போட்ட முதலுக்கு வட்டி கிடையாது. முதலுக்கு மேல் ஒருவர் கைமாற்றாகக் கொடுத்த தொகைக்கு மட்டும் ஆண்டுக்கு 100-க்கு 6 வீதம் வட்டி உண்டு. இவை யாவும் உடன்படிக்கையால் மாற்றத்தக்கவை. ஆகவே பத்திரத்தில் பங்கின் விகிதம், உழைப்பவரின் மாதச் சம்பளம், முதலுக்கு வட்டி உண்டா இல்லையா என்பவை எழுதப்பட வேண்டும். கொட்டகை தொழிலின் சொத்தாகிவிட்டதா, அல்லது வாடகைக்கு விடப்பட்டதா என்பதையும் தவறாது குறிக்க வேண்டும். இந்த ஒரு வரியை விட்டுவிட்டு, பின்னால் வரும் பிள்ளைகள் கொட்டகைக்காகப் பகைத்துக்கொள்வது நாட்டில் புதிதன்று.

இனிக் கடன். கார்த்திகையில் கடலை மலிந்திருக்கும்போது செக்கோட்டுபவர் மண்டியில் கடனுக்குச் சரக்கெடுக்கிறார். மற்ற இருவரும் அறியாவிடினும், தொழிலின் பொருட்டு எடுத்ததாகையால் அக்கடன் மூவரையும் கட்டும். மண்டிக்காரர் முழுத் தொகையையும் மூவரில் எவரிடமிருந்தும் வசூலிக்கலாம். எவரிடம் கேட்பார்? நிலம் வைத்திருப்பவரிடம்தான். மூன்றிலொரு பங்கு லாபத்தை எண்ணிக் கொட்டகை கொடுத்தவர், முழுக் கடனுக்கும் தம் நிலத்தைப் பொறுப்பாக்கியவராகிறார்.

தனியொருவராக நடத்தினும் இந்த அபாயம் நீங்குவதில்லை. தொழிலின் கடன் அவருடைய சொந்தக் கடனே. பொறுப்பை வரையறுத்துக்கொள்ள விரும்புவோர்க்கு வேறு வழிகள் உண்டு. 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை அமைக்கலாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இருவர் சேர்ந்து தனியார் கம்பெனி பதிவு செய்யலாம். ஒருவரே கம்பெனி அமைக்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. கடலை பயிரிடுவோர் பத்துப் பேர் சேர்வாராயின், 2002-இல் கம்பெனிச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட உற்பத்தியாளர் கம்பெனி முறை அவர்களுக்குப் பொருந்தும். ஆனால் கம்பெனியாயின் வரவு சிறிதாயினும் ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கையும், அரசாங்கத்திற்கு அறிக்கைகளும் உண்டு. மேலும், சிறு கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் பாங்கிகள் பெரும்பாலும் இயக்குநரின் சொந்த ஜாமீனைக் கேட்கின்றன. ஜாமீன் கையெழுத்திட்டவருக்கு அந்தக் கடனளவில் கம்பெனியின் பாதுகாப்புப் பயன்படாது. ஒரு செக்கு மட்டும் ஓட்டுவோர்க்குத் திருத்தமான பத்திரத்துடன் கூடிய சாதாரணக் கூட்டாண்மையே பெரும்பாலும் போதுமானது. கடனுக்குச் சரக்கெடுக்க இருவர் கையொப்பம் வேண்டுமென்ற நிபந்தனையையும் அதிற் சேர்த்து, அதனை மண்டிக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும். அவர் அறியாத கட்டுப்பாடு அவரைத் தடுக்காது.

முதல் எவ்வளவு வேண்டும் என்பதிலும் பிழை நேர்கிறது. செக்கும் மோட்டாரும் வாங்கியவுடன் கைப்பணம் தீர்ந்துவிடுகிறது. நாளொன்றுக்கு 100 கிலோ கடலைப் பருப்பு, மாதம் 25 நாள் ஆட்டினால் 2,500 கிலோ ஆகிறது. கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதக் கொள்முதல் 3,00,000 ரூபாய். பருப்பு ரொக்கத்துக்கு வருகிறது. எண்ணெயோ கடைகளுக்குக் கடனாகப் போகிறது. தவணை 45 நாளானால் நாலரை லட்ச ரூபாய்க் கொள்முதல் வெளியே நிற்கும். மாடு வைத்திருப்போர் ரொக்கத்துக்கு வாங்கும் பிண்ணாக்கின் பணத்தைக் கழித்தாலும், மூன்றரை லட்சத்துக்குக் குறையாமல் சுழல்முதல் தேவை. இதைத் திட்டத்திற் சேர்க்காதவர்கள்தாம் மண்டிக்கடனுக்குப் போகின்றனர்.

கடனுக்கு விற்பதனால் பதிவின் அவசியம் தெரியவரும். கூட்டாண்மையைப் பதிவு செய்தே தீரவேண்டுமென்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எனினும் பதிவாகாத கூட்டாண்மை, எண்ணெய் வாங்கிப் பணம் தராத கடைக்காரர்மீது ஒப்பந்தப்படி வழக்குத் தொடுக்க இயலாது. 100 ரூபாய்க்கு மேற்படாத சிறு வழக்குகளுக்கே விலக்கு உண்டு. மண்டிக்காரரோ அவர்கள்மீது வழக்குத் தொடுக்கலாம். வழக்கைத் தாக்கல் செய்த பிறகு ஓடிச்சென்று பதிவு செய்வதால் அந்த வழக்கு உயிர்பெறாது. கூட்டாளிகள் தமக்குள் உடன்படிக்கையை நிறைவேற்றக் கோருவதற்கும் இதே தடையுண்டு. தொழிலைக் கலைத்துக் கணக்குக் கேட்பதற்கு மட்டும் தடையில்லை. தமிழ்நாட்டில் இப்பதிவு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நடைபெறுகிறது. உத்யம் பதிவு தனியானது, கட்டணமற்றது. அதைப் பெற்ற சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்குவோர், தவணை பேசியிருப்பினும் 45 நாளுக்குள் பணம் செலுத்த வேண்டுமென 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

ஒரு கூட்டாளி இறந்தால், வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்துக் கூட்டாண்மை கலைந்துவிடும். மூவரில் ஒருவர் இறந்தபின்னும் மற்ற இருவர் தொடரலாமென்றும், இறந்தவரின் பங்கை இன்ன முறையில் மதிப்பிட்டு இத்தனை தவணைகளில் குடும்பத்துக்குக் கொடுப்பதென்றும் பத்திரத்தில் எழுதலாம். இருவர் மட்டுமே உள்ள கூட்டாண்மையில் இவ்வாறு எழுதியும் பயனில்லை. ஒருவர் மட்டும் எஞ்சினால் அது கூட்டாண்மையாகாது. உயிரோடிருக்கையில் விலகுபவர், விலகினதைப் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் உள்ளூர்மொழிப் பத்திரிகையொன்றிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். அறிவிப்பு வெளிவரும்வரை, அவர் கூட்டாளியென்று நம்பிக் கடன் கொடுத்தவருக்கு அவரும் பொறுப்பாளியே.