குத்தகைச் சீட்டைப் படித்துவிட்டு இறங்கு

அன்புள்ள தங்கைக்கு,

தஞ்சாவூர் டைடல் நியோ பூங்காவில் வேலை கிடைத்ததையும், அரிசி ஆலைகளின் கணக்கைத் தாங்கும் டேட்டாபேஸ் உன் பொறுப்புக்கு வந்திருப்பதையும் எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. 2024இல் அந்தக் கட்டடம் திறப்பதற்கு முன், இப்படியொரு வேலைக்கு நம் பிள்ளைகள் பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் ரயில் ஏறினார்கள். ஆனால் உன் கடிதத்தின் கடைசி வரி எனக்கு உறுத்தியது: "லைசென்ஸ் விவகாரத்தை அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொள்வார்கள், எனக்கு அந்தத் தலைவலி இல்லை."

அந்தத் தலைவலி உன்னுடையதுதான் அம்மா. பணம் கட்டுவது அக்கவுண்ட்ஸ். எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதோ, எந்த சர்வரில் எந்த எடிஷனை நிறுவுகிறாய், எந்த வசதியைத் தொடுகிறாய் என்பதைப் பொறுத்தது.

முதலில் அளக்கும் முறையைப் புரிந்துகொள். வாரத்துக்கு விட்ட நிலத்தில் விளைந்ததில் பங்கு. குத்தகைக்கு விட்டதில், விளைந்தாலும் பொய்த்தாலும் பேசியதை அளந்தாக வேண்டும். உன் டேட்டாபேஸ் ஓடும் ஆரக்கிளின் லைசென்ஸ் குத்தகை ரகம். எத்தனை மூட்டை நெல் பதிவானது என்று அது கேட்காது. சர்வரில் எத்தனை கோர் என்றுதான் கேட்கும். சம்பா அறுவடையில் திணறி, மற்ற மாதங்களில் சும்மா கிடக்கும் இயந்திரத்துக்கும் ஒரே விலைதான்.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு பிராசசர், ஒவ்வொன்றிலும் 16 கோர், மொத்தம் 32. இன்டெல், ஏஎம்டி சிப்களுக்குக் கோர் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டிய கோர் ஃபேக்டர் 0.5. ஆக 16 லைசென்ஸ். என்டர்பிரைஸ் எடிஷனின் பட்டியல் விலை ஒரு லைசென்ஸுக்கு 47,500 டாலர் என்று வைத்தால் 7,60,000 டாலர். ஆறு கோடி ரூபாய்க்கு மேல். அதற்கு மேல் ஆண்டுதோறும் 22 சதவீதம் சப்போர்ட்: 1,67,200 டாலர். ஐந்தே ஆண்டில் சப்போர்ட் தொகை வாங்கிய விலையைத் தாண்டிவிடும்.

அதே இயந்திரத்தில் ஸ்டாண்டர்ட் எடிஷன் 2 போட்டால் கோரை விட்டுவிட்டு சாக்கெட்டை எண்ணுவார்கள். 17,500 டாலர் வீதம் இரண்டு சாக்கெட்டுக்கு 35,000 டாலர். அதற்கும் வரம்பு உண்டு: இரண்டு சாக்கெட்டுக்கு மேல் கொள்ளும் சர்வரில் போடக் கூடாது, ஒரு டேட்டாபேஸ் 16 த்ரெட்டுக்கு மேல் ஓடாது, பார்ட்டிஷனிங் போன்ற வசதிகள் கிடையாது. பேரம் பேசினால் விலை குறையும் என்பது உண்மை. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் ஆலைக் கணக்குக்கு என்டர்பிரைஸ் எடிஷன் எதற்கு?

ஆள் கணக்கில் வாங்கும் வழியும் இருக்கிறது. அதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டேட்டாபேஸுக்குள் 12 கனெக்‌ஷன்தான் வருகிறது என்று 12 பேருக்கு வாங்க முடியாது. அந்த 12க்குப் பின்னால் திரையைத் தொடும் அத்தனை பேரும் கணக்கில் வருவார்கள், அறுவடைக்கு மட்டும் வரும் பருவகாலப் பட்டியல் எழுத்தர் உட்பட. மனிதர் கை படாமல் தானே எடையை அனுப்பும் எடைமேடையும் ஒரு பயனர்தான். என்டர்பிரைஸ் எடிஷனில் ஒரு பிராசசர் லைசென்ஸுக்குக் குறைந்தது 25 பேர் என்ற விதியும் உண்டு. மேலே சொன்ன சர்வரில் 40 பேர் மட்டுமே வேலை செய்தாலும் 400 பேருக்கு வாங்க வேண்டும்.

இனி உன் கைக்கு நேராக வருகிறேன். ஆரக்கிள் என்டர்பிரைஸ் எடிஷனில் பூட்டு கிடையாது. வாங்காத வசதியும் கூப்பிட்டால் வேலை செய்யும். டேட்டாபேஸ் மெதுவாக ஓடுகிறதென்று ஏ.டபிள்யூ.ஆர். ரிப்போர்ட் எடுக்கச் சொல்லி எல்லாரும் கற்றுத் தருவார்கள். அதற்கு டயக்னாஸ்டிக்ஸ் பேக் லைசென்ஸ் வேண்டும். பட்டியல் விலை ஒரு பிராசசருக்கு 7,500 டாலர். என்டர்பிரைஸ் எடிஷனை நிறுவியதுமே டயக்னாஸ்டிக்ஸ், ட்யூனிங் இரண்டு பேக்கும் திறந்தே இருக்கும். வாங்கவில்லை என்றால் 'கன்ட்ரோல் மேனேஜ்மென்ட் பேக் ஆக்சஸ்' என்ற அமைப்பை முதல் நாளே 'நன்' என்று மாற்றிவிடு. எதைத் தொட்டாய் என்பதை டேட்டாபேஸே குறித்து வைக்கிறது. 'டிபிஏ ஃபீச்சர் யூசேஜ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' வியூவை மாதம் ஒருமுறை நீயே பார். பல ஒப்பந்தங்களில் 45 நாள் முன்னறிவிப்போடு ஆடிட்டுக்கு வரும் உரிமை விற்பவருக்கு உண்டு. வந்தால் அவர்களும் அதைத்தான் பார்ப்பார்கள்.

விஎம்வேரில் ஒரு சின்ன விர்ச்சுவல் மெஷின்தானே என்றும் நினைத்துவிடாதே. அந்த மெஷின் ஓடக்கூடிய எல்லா சர்வரின் கோரையும் எண்ண வேண்டும் என்பது ஆரக்கிளின் நிலைப்பாடு. அதைச் சொல்லும் கொள்கைத் தாளோ தன்னை ஒப்பந்தத்தின் பகுதி என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆகவே நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று படி. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் சட்டம் வேறு: கோர் ஃபேக்டர் இல்லை, ஒரு பிராசசருக்குக் குறைந்தது நான்கு கோர். அதன் டெவலப்பர் எடிஷன் இலவசம்தான். ஆனால் உண்மையான ஆலைக் கணக்கை அதில் ஓட்டக் கூடாது.

இவ்வளவும் எதற்கு, ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸுக்குப் போய்விடலாமே என்பாய். யோசிக்க வேண்டிய வழிதான். ஓப்பன் சோர்ஸுக்கு மாறியவர்கள் நம்மிடையே உண்டு. நம் பக்கத்துத் திருவாரூரில் 1999 முதல் 2001 வரை ஆட்சியராக இருந்து மின்னாளுகைக்குப் பெயர் வாங்கித் தந்த சி. உமாசங்கர், பின்னர் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனத்தின் கணினிகளை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றினார். 2015இல் மத்திய அரசும் தன் துறைகளுக்கு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை முன்னிறுத்தும் கொள்கையை வெளியிட்டது. போஸ்ட்கிரஸுக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது. எத்தனை கோர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஆரக்கிளின் பிஎல்/எஸ்க்யூஎல் மொழியில் எழுதிக் குவித்ததை எல்லாம் மாற்றி எழுத ஆளும் மாதங்களும் வேண்டும். நள்ளிரவில் விழுந்தால் தூக்கி நிறுத்தத் தெரிந்தவர் வேண்டும். அந்தச் சம்பளத்தையும் விலையில் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். புதிதாகத் தொடங்கும் ஆலைக்கு அது எளிது. பத்தாண்டுப் பழைய ஆலைக்குக் கடினம்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரே தாளில் எழுது: எந்த சர்வர், எத்தனை சாக்கெட், எத்தனை கோர், எந்த எடிஷன், எத்தனை பேர், எத்தனை கருவி, எந்த பேக், எந்த ஒப்பந்தம். பக்கத்தில் ரூபாயைப் போடு. டாலர் என்றால் மேலாளர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். புது சர்வர் வாங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அந்தத் தாளோடு போ. 16 கோர் சிப்புக்குப் பதில் வேகமான 8 கோர் சிப் போதுமா என்று சோதித்துச் சொல். போதுமென்றால் என்டர்பிரைஸ் லைசென்ஸ் பாதியாகும். ஆண்டு சப்போர்ட்டும் பாதியாகும். இதை ஆர்டர் போவதற்கு முன் சொன்னால்தான் பயன்.

அன்புடன்,
அண்ணன்